மகனுக்கு ஏர் கன் வாங்கிக் கொடுத்த தகப்பன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குப் பெற்றோரே துப்பாக்கி சுடக் கற்றுக் கொடுக்கலாமா கூடாதா என்று உங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் சில வாரங்களாகக் கடிதங்கள் வருகின்றன. பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலத்தைச் சொல்லி, நம் பிள்ளைகளும் சுடட்டும் என்கிறார் ஒருவர். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் நடப்பதைச் சொல்லி, குழந்தை கையில் துப்பாக்கியா என்று பதறுகிறார் இன்னொருவர். நான் 24 வருடம் ராணுவத்தில் இருந்தவன். ஊருக்கு வந்த பிறகு மகனுக்கு நானே சுடக் கற்றுக் கொடுத்தேன். மகள் கேட்டபோது மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் எனக்கும் சொல்ல இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று உச்சிப்புளிக்கு வந்தேன். அந்த ஆகஸ்டில்தான் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கினார். தனிநபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. எட்டு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு டிவியில் பார்த்தேன். பட்டாளத்தில் நல்ல குறிக்காரன் என்று பெயர் எடுத்தவன் நான். அந்தக் கை என் பிள்ளைக்கும் வர வேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. 2011 பொங்கலுக்கு மதுரையில் ஒரு கடையில் ஏர் கன், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, வாங்கினேன். கிரிக்கெட் மட்டை, கேரம் போர்டு எல்லாம் அடுக்கியிருந்த அதே வரிசையில் அதுவும் இருந்தது. யாருக்கு வாங்குகிறீர்கள், எத்தனை வயது என்று ஒரு கேள்வி கிடையாது. திறன் குறைந்த, 4.5 மில்லிமீட்டர் குழல் உள்ள ஏர் கன்னுக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டியதில்லை. நிஜத் துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறையாதவருக்கு உரிமமே கிடையாது. என் மகனுக்கு அப்போது பதினொன்று.

வீட்டுக்குப் பின்னால் பனங்காடு, அதைத் தாண்டினால் உவர் நிலம், அப்புறம் கடல். காலையில் அங்கேதான் பாடம். நிற்பது எப்படி, கட்டையைத் தோளில் எங்கே பதிப்பது, மூச்சை எந்த இடத்தில் நிறுத்துவது என்று எல்லாம் சொன்னேன். ஒரு மாதத்தில் கொட்டாங்கச்சியை இருபது அடியில் இருந்து அடித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் உவர் நிலத்தில் ஒரு உள்ளானைச் சுட்டுவிட்டான். நான் சொல்லிச் சுடவில்லை, ஆனால் பக்கத்தில்தான் இருந்தேன். பறவை சாகவில்லை. ஒரு இறக்கை தொங்கிப்போய், இன்னொரு இறக்கையால் சேற்றை அடித்து அடித்து வட்டமாகச் சுற்றியது. அந்த நீளமான சிவப்புக் கால்கள் பின்னிக்கொண்டு தடுமாறின. கழுத்தைத் திருகி நான்தான் முடித்தேன். மகன் கிட்டே வரவில்லை. பறவையைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. ‘பரவாயில்லை, நல்ல குறி’ என்றேன். இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு அதிகம் கூசுவது இந்த ஒரு வரிதான்.

அடுத்த வருடம் மே மாத விடுமுறை. நான் ராமநாதபுரத்துக்குப் பென்ஷன் வேலையாகப் போயிருந்தேன். ஏர் கன் பரண் மேலே பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அதில் போட்டுச் சுடும் ரவை டப்பாவை என் பீரோவில் பூட்டிச் சாவியைச் சாமி மாடத்தில் வைத்திருந்தேன். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றுதான் நினைப்பு. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா? மகனும் பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா மகனும் மோட்டார் கொட்டகையின் இரும்புத் தூணில் கொட்டாங்கச்சியைக் கட்டிச் சுட்டிருக்கிறார்கள். கொட்டாங்கச்சி தவறியது. ரவை தூணில் பட்டுத் திரும்பி, பக்கவாட்டில் நின்ற அக்கா மகனின் இடது கண்ணில் ஏறியது. அவனுக்கும் பன்னிரண்டு வயதுதான். அன்று ராத்திரியே மதுரைக்குக் கொண்டு போனோம். கண்ணைக் காப்பாற்றினார்கள், பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறது.

மெத்தென்ற இடத்தில் பட்டால் ரவை நின்றுவிடும், கெட்டியான இடத்தில் பட்டால் திரும்பி வரும் என்று மகனிடம் நான் சொல்லியே இருக்கவில்லை. குறி வைக்கச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, குறி தவறினால் ரவை எங்கே போகும் என்று சொல்லித் தரவில்லை. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை. இப்போதும் நல்ல மீன் கிடைத்தால் ஒரு கிண்ணம் குழம்பு சுவருக்கு மேலே வருகிறது. அதை வாங்கும்போதெல்லாம் கை கூசுகிறது. ஏர் கன்னை விற்க மனம் வரவில்லை, இன்னொரு வீட்டுக்குத்தானே போகும். லேத் பட்டறையில் கொடுத்துக் குழலை மூன்று துண்டாக அறுத்தேன்.

இதெல்லாம் தெரியாதவன் செய்த தவறு என்றால் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எனக்குத் தெரியும். வெலிங்டன் ராணுவப் பயிற்சி மையத்தில் ரிக்ரூட்டாக இருந்தபோது எங்கள் உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், எடுத்த எடுப்பில் தோட்டாவைக் கண்ணில் காட்டவில்லை. பிரித்து மாட்டு, துடை, தூக்கிப் பிடி, இறக்கு. இதேதான் வாரக் கணக்கில். பயரிங் முடிந்து, சுடும் இடமான ரேஞ்சை விட்டு வெளியே வரும்போது ஒவ்வொருவனும், என்னிடம் உயிருள்ள தோட்டாவும் இல்லை, காலிக் கேஸும் இல்லை என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும். சுட்டதற்குச் சமமாகக் காலிக் கேஸ் எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் கணக்கில் ஒன்று குறைந்தது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளைக் கூடு. அதற்காக ஒரு பிளட்டூனே வரிசையாக மண்டியிட்டுப் புல்லை விரல்களால் வகிர்ந்துகொண்டு இருட்டும் வரை தேடியது. இந்த ஒழுங்குக்குள் 24 வருடம் இருந்த நான், என் வீட்டுப் பனங்காட்டில் அதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. ஏன்? அங்கே நான் உஸ்தாத் இல்லை, அப்பா. பிள்ளை முகம் சுண்டினால் அப்பாவுக்குத் தாங்காது. ‘இன்னும் அஞ்சு ரவைப்பா’ என்றால் கொடுத்துவிடுவான். உஸ்தாத் கொடுக்க மாட்டார்.

இதனால்தான் நான் நடுவில் நிற்கிறேன். பிள்ளைகள் சுடக் கற்கட்டும், தாராளமாகக் கற்கட்டும். ஆனால் கற்றுக் கொடுப்பது பெற்றோராக இருக்க வேண்டாம், துப்பாக்கி வீட்டில் இருக்கவே வேண்டாம்.

மகள் ஒன்பதாம் வகுப்பில் என்.சி.சி.யில் சேர்ந்தாள். 2018-ல் முகாமில் .22 ரைபிளில் ஐந்து ரவுண்டு சுட்டு, ஐந்தும் நெருக்கமாக விழுந்ததாம். வந்ததும் வராததுமாக, ‘அப்பா, நீங்க சொல்லிக் குடுங்க’ என்றாள். முடியாது என்றேன். இரண்டு மாதம் பேசாமல் இருந்தாள். கடைசியில் மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டேன். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, ராமேஸ்வரம் பாசஞ்சரில் போய் வருவோம். அங்கே முதல் சில வாரம் அவளுக்கும் ரவை கிடையாது. வெறும் ரைபிளைத் தூக்கி நிற்க வேண்டும், அதுவே கிட்டத்தட்ட ஐந்து கிலோ கனம். சுடாத நேரத்தில் குழலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நூல் கிடக்க வேண்டும். குழல் காலியாக இருக்கிறது என்று எதிரே வருபவன் தூரத்தில் இருந்தே பார்க்கத்தான் அது. ஒரு நாள் யாரோ கூப்பிட்டார்கள் என்று ரைபிளோடு லேசாகத் திரும்பிவிட்டாள். பயிற்சியாளர் கத்தவில்லை. கையில் இருந்து வாங்கி வைத்துவிட்டு, இன்றைக்கு இவ்வளவுதான், வீட்டுக்குப் போ என்றார். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வந்திருக்கிறோம், பத்து ரவைகூடச் சுடவில்லை. பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து போய்க் கெஞ்சலாமா என்றிருந்தது. நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அன்று அவளை அனுப்பியிருக்க மாட்டேன்.

பிந்த்ராவுக்கு அவர் பெற்றோர் வீட்டிலேயே ரேஞ்ச் கட்டிக் கொடுக்கவில்லையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கட்டிக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் பயிற்சி கொடுக்கத் தனியாக ஆள் இருந்தார். கடலூரில் பிறந்த நம் பிள்ளை இளவேனில் வாலறிவன் குஜராத்தில் வளர்ந்து, துப்பாக்கி சுடும் வீரர் ககன் நரங் நடத்தும் பயிற்சி மையத்தில் பழகித்தான் இரண்டு ஒலிம்பிக் வரை போனார்.

ரயிலில் நடந்த ஒன்றையும் எழுத வேண்டும். ஒரு ஞாயிறு மாலை திரும்பி வரும்போது மகள் அன்றைய குறி அட்டையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பத்து மீட்டர் ஏர் ரைபிள் அட்டையில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அட்டையில் ரவை போடும் ஓட்டை அதைவிட ஒன்பது மடங்கு அகலம். பரமக்குடியில் ஏறிய ஒரு கருவாட்டுக்கார அம்மா, காலிக் கூடையைக் காலடியில் தள்ளிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

‘என்னாத்தா அது, ஓட்டை ஓட்டையா?’

மகள் சொன்னாள். அந்த அம்மா அட்டையை வாங்கி ஒரு ஓட்டையில் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தார்.

‘எம்புட்டுத் தூரத்துல இருந்து?’

‘பத்து மீட்டர்.’

‘எங்க போட்டுல விழுந்தது இதவிடப் பெருசு’ என்றார். ‘முன்பக்கம் அணியத்துல ரெண்டு. எங்க வீட்டுக்காரர் ஐஸ் பெட்டிக்குப் பின்னால படுத்துட்டாரு.’ பிறகு அட்டையை நீட்டி, ‘நீ நல்லாத்தான் சுட்டிருக்க தாயி, பத்திரமா வச்சுக்க’ என்றார். ராமநாதபுரம் வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்கு முந்தைய வருடம், 2017 மார்ச்சில்தான் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் குண்டு பட்டு இறந்து, அந்த ஊரே போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்தது. 2012 ஜூலையில் துபாய் ஜெபல் அலிக்குப் பக்கத்தில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் இருந்து சுட்டதில் இறந்தவரும் நம் மாவட்டத்து மீனவர்தான். துப்பாக்கியின் வாய்ப்பக்கத்தில் நின்ற சனம் இது. இங்கே ஒரு பிள்ளைக்கு ரைபிளைக் கொடுக்கும்போது, அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தர வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. அந்த அம்மா சொன்னதை மகள் தன் பயிற்சி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

அமெரிக்காவைப் பற்றி எழுதியவருக்கு ஒரு வார்த்தை. அங்கே இதை ஆதரிக்கும் பெற்றோர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே துப்பாக்கி இருக்கிறது, மான் வேட்டைக்குப் போகும் வழக்கம் தலைமுறையாக இருக்கிறது, பிள்ளை திருட்டுத்தனமாக எடுத்துத் தெரியாமல் சுடுவதைவிடத் தெரிந்து வைத்திருக்கட்டும் என்கிறார்கள். ஆனால் அந்த நாட்டில் ஒன்று முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளின் சாவுக்கு 2020 முதல் முதற்காரணம் துப்பாக்கிதான் என்பதும் உண்மை. 2021 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தகப்பன் 15 வயது மகனுக்கென்று கைத்துப்பாக்கி வாங்குகிறார். மறுநாள் தாய் அவனைச் சுடப் பழகக் கூட்டிப் போகிறார். அந்த மாதம் 30-ஆம் தேதி அவன் பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்றான். 2024-ல் தாய், தகப்பன் இருவருக்குமே 10 முதல் 15 வருடம் சிறை விதித்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் இல்லை. அந்தத் தகப்பனும் மகனைச் சந்தோஷப்படுத்தத்தான் வாங்கியிருப்பான். சூரிச் நகரத்தில் வருடா வருடம் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் ராணுவ ரைபிளில் சுடும் திருவிழாவே நடக்கிறது. அதுவும் ரேஞ்சில்தான், மேற்பார்வையில்தான். நம் வீடுகளில் துப்பாக்கி இல்லை. இல்லாத ஒன்றைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, பிறகு அதைக் கையாளப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுப்பானேன்?

கேட்க வேண்டியது இரண்டு இருக்கிறது. ராமநாதபுரத்திலேயே அரசு ஒரு பத்து மீட்டர் ஏர் ரைபிள் கூடம் அமைத்துத் தர வேண்டும். பெரிய செலவில்லை, ஒரு நீளமான அறையும் பொறுப்பான பயிற்சியாளரும் போதும். வசதி இல்லாத மீனவப் பிள்ளைகளுக்கு மதுரை வரை போய் வர ரயில் கட்டணமே பெரிது. அந்தக் கூடத்தில் பெற்றோரைப் பெஞ்சைத் தாண்டி உள்ளே விடக் கூடாது. இன்னொன்று, ஏர் கன்னை விளையாட்டுச் சாமானோடு வைத்து விற்பது நிற்க வேண்டும். வாங்குபவர் பெயர், முகவரி, யாருக்கு வாங்குகிறார் என்பதையாவது கடைக்காரர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். உவர் நிலத்திலும் சக்கரக்கோட்டைக் கண்மாய்ப் பக்கமும் வலசை வரும் பறவைகளுக்கும் அது நல்லது.

பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தகப்பன்மார்கள் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அச்சில் கொண்டு வந்துவிடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ ஹவில்தார்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.