ஜெனரேட்டர் வாங்கிய சிவாவுக்கு

அன்புள்ள சிவா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் பிளஸ் டூ வந்துவிட்டாள்.

நேற்று போனில் நீ அவசரத்தில் இருந்தாய், நான் சொன்னது பாதி உன் காதில் விழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஊரில் அம்மாவுக்கு ஜெனரேட்டர் வாங்கி அனுப்பியது ரொம்ப நல்ல காரியம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நீ கோயம்புத்தூரில் இருந்தாய். நான் பட்டுக்கோட்டையிலிருந்து வேதாரண்யம் போய்ப் பார்த்தவன். லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்து, கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. லோடு ஆட்டோவில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, டேங்குக்கு இவ்வளவு என்று காசு வாங்கி மோட்டார் ஓட்டிக் கொடுத்தார்கள். அந்த ஆட்டோவுக்காக அம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இனி அந்தக் கஷ்டம் அவருக்கு வேண்டாம்.

ஆனால் அதை விறகுக் கொட்டகையில் வைக்கப்போகிறேன் என்றாயே, அது கூடவே கூடாது. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் அம்மா படுக்கிற அறையின் ஜன்னல். புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்டுகிற இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். அம்மா பித்தம் என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். தூக்கத்தில் ஏறினால் எழுந்திருக்கவே முடியாது. ஜன்னலைச் சாத்தினால் போதும், ஃபேன் போட்டால் போதும் என்பதெல்லாம் இதற்குச் செல்லாது. கொல்லையில் முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம், வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி வை. சைலன்சர் வேலிப் பக்கம் பார்க்கட்டும். வெள்ளம் ஏறாத உயரத்துக்குச் சிமெண்ட் மேடை, நாலு கால், மேலே தகரம். சுவர் எழுப்பாதே. புயல் அடிக்கிற நேரத்தில் அதை ஓட்டவும் வேண்டாம். காற்றும் மழையும் ஓய்ந்த பிறகு ஓட்டினால் போதும்.

இடத்தை நீ ஒத்துக்கொள்வாய், எனக்குத் தெரியும். இரவு என்னைத் தூங்கவிடாதது நீ சொன்ன இன்னொன்று. ரெண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை வாஷிங் மெஷின் பாயிண்டில் சொருகினால் வீடு முழுக்க எரியும், ஒயரைக் கடைக்காரரே செய்து தருவார் என்றாய். சிவா, அந்த ஒயரை வாங்கவே வாங்காதே.

முதல் ஆபத்து அதைத் தொடுகிறவருக்கு. ஜெனரேட்டர் ஓடும்போது பாயிண்டிலிருந்து பிளக் கழன்று விழுந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பித்தளைப் பின்னில் முழு 230 வோல்ட் நிற்கும். ஈரத் தரை, வெறுங்கால், அரை இருட்டு. கையில் எடுப்பது அம்மாவாகவோ பக்கத்து வீட்டுப் பையனாகவோ இருக்கலாம்.

அடுத்தது கம்பத்தில் ஏறுகிறவருக்கு. மெயினை ஆஃப் செய்யாமல் விட்டால் நம் வீட்டு ஜெனரேட்டர் கரண்ட் சர்வீஸ் ஒயர் வழியாகத் தெரு லைனுக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனால், 11,000 வோல்ட்டை இறக்கி நமக்குக் கொடுக்கிற அதே டிரான்ஸ்ஃபார்மர், இந்தப் பக்கமிருந்து போவதை ஆயிரக்கணக்கில் ஏற்றி அந்தப் பக்கம் தள்ளும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் கம்பத்தில் ஒருவர் கை வைப்பார். அது நம் கணேசனாக இருக்கலாம்! போன வாரம் அவனைப் பார்த்தேன், அதே மீசை, இப்போது மின்வாரியத்தில் ஃபோர்மேன். கஜா சமயத்தில் சப்ஸ்டேஷனில் லைனை நிறுத்திய பிறகும், லைனைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடை மாட்டாமல் ஒருவரையும் ஏறவிடவில்லையாம். "எந்த வீட்ல எவன் ஜெனரேட்டர சொருகி வச்சிருக்கானோ, யாருக்குத் தெரியும்" என்றான். அவன் அப்படிச் சொன்னதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

மெயினை ஆஃப் பண்ணிவிட்டுச் சொருகினால் சரிதானே என்று கேட்பாய். பகலில், நீ பக்கத்தில் நின்றால் சரிதான். நடுராத்திரியில் அம்மாவுக்கு அது ஞாபகம் இருக்குமா? நம் ஊர்ப் பழைய வீடுகளில் ஃபேஸ் (கரண்ட் வருகிற ஒயர்) மட்டும் துண்டாகி, நியூட்ரல் (திரும்பிப் போகிற ஒயர்) தெரு லைனோடு அப்படியே சேர்ந்து நிற்கிற மெயின்களும் உண்டு. ஜெனரேட்டர் ஓடும்போது ஈபி கரண்ட் வந்து மோதினால் நீ வாங்கின மிஷினும் புகைந்துவிடும்.

இதற்கெல்லாம் ஒரே தீர்வு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் மாற்றுகிற டூ போல் சுவிட்சாகக் கேட்டு வாங்கு. கைப்பிடி ஒரு பக்கம் ஈபி, மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். ரெண்டும் ஒரே நேரத்தில் சேர அதில் வழியே இல்லை. எங்கள் வீட்டில் வைத்தபோது, மெயினை ஆஃப் செய்து, ஜெனரேட்டரை ஓடவிட்டு, கைப்பிடியைத் தள்ளிவிட்டு, ஈபி வருகிற ஸ்க்ரூவில் வயர்மேன் டெஸ்ட் லாம்ப்பை வைத்துக் காட்டினார். பல்பு எரியவில்லை. வீட்டுப் பக்கம் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கூலியைக் கொடுத்தேன். நீயும் அப்படியே செய். ஜெனரேட்டர் பாடிக்கு எர்த், லைனில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ரெண்டையும் விடாதே.

மற்றவை சுருக்கமாக. அம்மா வீட்டு ஒரு ஹெச்பி மோட்டார் தருகிற சக்தி 746 வாட், ஓட அதைவிடக் கொஞ்சம் கூடவே இழுக்கும். ஆனால் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். அதனால் மோட்டாரை முதலில் போட்டுவிட்டு, அது ஓடின பிறகு ஃபிரிட்ஜையும் லைட்டையும் போடச் சொல். ஓடுகிற மிஷினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு ஊற்ற வேண்டும். மாதம் ஒருமுறை கால் மணி நேரம் லோடோடு ஓட்டு, இல்லாவிட்டால் பழைய பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்துக்கொண்டு தேவைப்படுகிற அன்றைக்கு மக்கர் பண்ணும். அம்மாவால் கயிறு இழுக்க முடியாது. செல்ஃப் ஸ்டார்ட் மாடலா என்று நீ சொல்லவே இல்லை. கயிறு மாடல் என்றால் கடையில் இப்போதே மாற்றிக்கொள்.

எங்கள் வயர்மேன் லைசென்ஸ் உள்ளவர், ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஊருக்கு வரச் சம்மதித்திருக்கிறார். மேடைக்கும் ஒயருக்கும் அளவு எடுத்துவிடுவோம். நீ செய்ய வேண்டியது ரெண்டே வேலை. கடைக்காரரிடம் அந்த ஒயர் வேண்டாம் என்று சொல். அம்மாவிடம் நாங்கள் ரெண்டு பேர் மதியம் சாப்பிட வருகிறோம் என்று சொல், மடவை மீன் கிடைத்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
முரளி