தேதி இல்லாத கிழங்கு விலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செல்போனால் வரும் நன்மை தீமை பற்றி எழுதுகிற வாசகர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் படிப்பு கெடுவதையும் கண் கெடுவதையும்தான் சொல்கிறார்கள். நான் குச்சிக்கிழங்கைப் பற்றிச் சொல்கிறேன். பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர், முள்ளுவாடி ரகம். வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள். நீங்கள் பாயசத்தில் போடும் ஜவ்வரிசி இதிலிருந்துதான் வருகிறது.

மகன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் வாங்கிக் கொடுத்தது ஸ்மார்ட்போன். ஆறு மாதம் அதில் அவனோடு பேசியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. 2021-ல் கிழங்குச் செடியில் மாவுப்பூச்சி விழுந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. செடியின் நுனி சுருண்டு, முட்டைக்கோஸ் மாதிரி கொத்தாக நின்றது. மருந்துக்கடையில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு டப்பா கொடுத்தார்கள். நான்கு தடவை அடித்தும் பூச்சி போகவில்லை, பணம்தான் போனது. அப்புறம் பக்கத்து ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு வாட்ஸப்பில் இலையைப் படமெடுத்து அனுப்பினேன். அன்று மாலையே பதில். "மருந்தை நிறுத்துங்கம்மா, நுனியை ஒடித்து எரித்துவிடுங்கள்" என்றார்கள். இந்தப் பூச்சியைத் தின்று அழிக்கிற குட்டிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து, 2022 மார்ச்சில் அதே நிலையத்தில் விட்டார்கள். கண்டபடி மருந்து அடித்தால் அந்தக் குளவியும் சேர்ந்து செத்துப்போகும் என்பதும் எனக்குப் போனில் வந்த செய்திதான்.

இன்னொரு லாபமும் உண்டு. ஜவ்வரிசி ஆலையில் கிழங்குக்கு எடை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று பார்த்து, ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று டன்னுக்குக் கணக்குப் போடுவார்கள். மாதிரிக் கிழங்கைத் தண்ணீரில் முக்கி எடை போடும்போது தராசு முள் எங்கே நிற்கிறது என்று நாம் எட்டிப் பார்ப்பதற்குள் "இருபத்தஞ்சு" என்று சத்தம் வந்துவிடும். போன வருடம் போனில் முள்ளைப் படமெடுத்தேன். எடை போடுகிற ஆள் முகம் சுண்டியது. ஆனால் எழுதியது இருபத்தெட்டு. மூன்று பாயின்ட் சும்மா வராது.

இவ்வளவு நல்லது செய்த அதே போன்தான் எங்கள் ஊரைக் கவிழ்த்தது.

எங்கள் பகுதி விவசாயிகள் குரூப் ஒன்றில் முந்நூறு பேர் இருக்கிறோம். ஒரு நாள் இரவு அதில் ஒரு பேப்பர் கட்டிங் வந்தது. ஆலைகள் மூடப்படுகின்றன, பாயின்ட் விலை படுத்துவிடும் என்று செய்தி. யார் முதலில் போட்டது என்று இன்றுவரை தெரியவில்லை. விடிவதற்குள் நாற்பது பேர் அனுப்பிவிட்டார்கள். என் கொழுந்தனார் ஓடிவந்தார். "அண்ணி, நாளைக்கே ஆள் விட்டுப் பிடுங்கிடலாம். விட்டா காசே கிடைக்காது." எட்டாம் மாதக் கிழங்கு. பத்து மாதம் நின்றால்தான் மாவு பிடிக்கும். நான் பிடுங்கவில்லை. எனக்கு ஏதோ ஞானம் என்று நினைக்க வேண்டாம், அன்று கூலி கொடுக்கக் கையில் பணம் இல்லை, அவ்வளவுதான்.

அவர் பிடுங்கினார். அந்த வாரம் பாதி ஊர் பிடுங்கியது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுப்போகும், வைத்துக் காத்திருக்க முடியாது. ஆலை வாசலில் லாரி வரிசை. வரிசையைப் பார்த்தபின் விலையை யார் ஏற்றுவார்கள்? கொழுந்தனாருக்கு ஒரு ஏக்கரில் ஒன்பது டன், இருபத்து மூன்று பாயின்ட், பாயின்ட் 250 ரூபாய். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் இருபத்தெட்டு வந்திருக்கும். அந்த ஐந்து பாயின்ட்டில் மட்டும் 11,250 ரூபாய் போயிற்று. கிழங்கு பெருத்திருக்கக்கூடிய எடை தனி.

பத்து நாள் கழித்து அவர் மகள் அந்தக் கட்டிங்கைப் பெரிதாக்கிப் படித்தாள். கடைசி வரியில் 'ஊரடங்கு காரணமாக' என்று இருந்தது. 2020-ம் வருடச் செய்தி. மேலே தேதி இருந்த இடத்தை யாரோ வெட்டியிருந்தார்கள், அல்லது படமெடுக்கும்போதே விட்டுப்போயிருக்கலாம். முந்நூறு பேரில் ஒருவரும் கடைசி வரி வரை போகவில்லை, நானும்தான். கொழுந்தனார் மகளைத் திட்டினார், "அன்னிக்கே படிச்சிருக்கக் கூடாதா" என்று. அவள் பாவம், அன்றைக்குப் பரீட்சை எழுதப் போயிருந்தாள்.

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து கிணற்றுக்கு நடந்தவள் நான். இப்போது படுத்த இடத்திலிருந்தே மோட்டாரைப் போடுகிறேன். அதை யார் விடுவார்கள்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சேலம் பதிப்பில் தங்கம் விலை, காய்கறி விலை போடுகிறீர்கள். குச்சிக்கிழங்கு பாயின்ட் விலைக்கும் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்குங்கள். அறுவடை நடக்கும் மாதங்களில் மட்டும் போட்டாலும் சரி. ஆத்தூர், வாழப்பாடி, ராசிபுரம் விலை தனித்தனியாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் ஊரில் யாராவது அதைக் கட்டாயம் படமெடுத்து குரூப்பில் போடுவார்கள். அதனால் தேதியைப் பக்கத்தின் உச்சியில் மட்டும் போடாமல், அந்தப் பெட்டிக்குள்ளேயே விலைக்குப் பக்கத்தில், வெட்ட முடியாதபடி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குச்சிக்கிழங்கு விவசாயி,
பெத்தநாயக்கன்பாளையம் வட்டம், சேலம் மாவட்டம்.