அப்பாவிடம் நீயே சொல்லிவிடு, கண்ணு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதில்தான் முதலில் பிடிக்கும். அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை. மாடி ஒழுகுவதைக் கல்யாணத்துக்குள் சரிசெய்துவிடுவோம். அத்தை முழங்கால் வலியோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். இதெல்லாம் போனிலேயே சொல்லியாயிற்று. போனில் பேச முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கேட்டால் "அப்புறம் பேசலாம்மா, மீட்டிங் இருக்கு" என்கிறாய். வாட்ஸ்அப்பில் கேட்டால் பார்த்துவிட்டாய் என்று மட்டும் காட்டுகிறது, பதில் வருவதில்லை.

பெயர் விஷயம்தான்.

கல்யாணப் பதிவுக்காக நீ தம்பிக்கு அனுப்பிய படிவத்தைப் பார்த்தேன். அவன் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தான். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தாய், ஒன்றைத் தவிர. அது என்ன என்று அவன் வந்ததும் கேட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் என்ன பெயர் என்று கேட்கிறார்கள் என்றான். நீ எதையாவது எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு யோசனை வந்திருக்காது. வெறுமனே விட்டிருந்தாய் பார், அதுதான் மனதில் உட்கார்ந்துகொண்டது.

உன் பிறப்புச் சான்றிதழ் உண்மையா என்று சரிபார்க்க ஜெர்மன் தூதரகத்தின் சார்பில் ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனதிலிருந்து தெருவுக்கே விஷயம் தெரியும். பக்கத்து வீட்டில், "பொண்ணு பேரு மாறிடுமா டீச்சர்?" என்று கேட்டார்கள். தெரியவில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்கலாமா?

அந்த ஊர்ச் சட்டம் என்ன என்று தம்பியை உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டேன். முன்பெல்லாம் பெயர் விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒத்துவராவிட்டால் கணவன் பெயர்தான் குடும்பப் பெயர் என்று இருந்ததாம், 1991-ல் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டதாம். இப்போது ஒரே பெயர் என்று நீங்களாக அறிவிக்காவிட்டால் அவரவர் பெயர் அவரவருக்கு. 2025 மே 1-லிருந்து இரண்டு பெயரையும் ஒரு கோடு போட்டுச் சேர்த்து இரண்டு பேருமே வைத்துக்கொள்ளலாம். அறிவிப்பதற்குக் கெடு எதுவும் இல்லை, கல்யாணத்தன்றுதான் என்று இல்லை, பத்து வருஷம் கழித்துக்கூடப் போய்ச் சொல்லலாம். ஆனால் ஒருமுறை அறிவித்துவிட்டால், சேர்ந்து வாழும்வரை அதைச் சாமானியமாகத் திரும்ப எடுக்க முடியாது.

இதைத்தான் கண்ணு நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, மாற்றியதைத் திருப்ப வழி இல்லை. அப்படியிருக்க இப்போது என்ன அவசரம்? கல்யாணத்தை முடி, வீட்டை நிலைப்படுத்து, ஒரு வருஷம் போகட்டும், அப்போதும் தோன்றினால் மாற்று. அந்த நாட்டை 16 வருஷம் ஆண்டாரே அங்கேலா மெர்க்கெல், அவர் பிறந்தபோது வைத்த குடும்பப் பெயர் காஸ்னர். மெர்க்கெல் என்பது முதல் கணவரின் பெயர். அந்தக் கல்யாணம் 1982-லேயே முடிந்துவிட்டது, அப்புறம் வேறு ஒருவரை மணந்தும் அந்தப் பெயரோடுதான் உலகம் முழுக்க அறியப்பட்டார். உனக்கு அப்படி ஆகும் என்று சொல்லவில்லை, அந்தப் பேச்சே வேண்டாம், நல்ல நாளும் அதுவுமாக. ஒரு பெயர் ஒட்டினால் எவ்வளவு ஒட்டும் என்பதற்குத்தான் சொன்னேன்.

மாப்பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு வீடியோவில் "வணக்கம் அத்தை" என்று அவர் கைகூப்பியதை இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் பெயரையும் சேர்த்து இரட்டைப் பெயராக தானும் வைத்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னாராம், தம்பி சொன்னான். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே பிறந்து வளர்ந்த எந்தப் பையன் மாமனார் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்கிறேன் என்பான்? ஆனால் இதை நீ என்னிடம் சொல்லவில்லை, தம்பியிடம் சொல்லியிருக்கிறாய். சரி, போகட்டும்.

அவருடைய அம்மாவுக்கு வீட்டில் எல்லோருக்கும் ஒரே பெயர் இருந்தால்தான் குடும்பம் மாதிரி இருக்கும் என்று நினைப்பு, இதை நீதான் எப்போதோ வாய்தவறிச் சொன்னாய். அது அவர்கள் வழக்கம், தப்பென்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய பெயர் தலைமுறை தலைமுறையாக வருவது. நம்முடையது அப்படி இல்லை என்பதை அவர்களுக்கு உட்கார்ந்து எடுத்துச் சொன்னாயா? உன் கொள்ளுத்தாத்தா பெயருக்குப் பின்னால் ஒரு சாதிப் பட்டம் இருந்தது, பழைய கிரயப் பத்திரத்தில் இன்றும் இருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், அப்புறம் ஊர் ஊராகப் பலர் விட்டார்கள், தாத்தாவும் விட்டார். அதனால் வழிவழியாக வரும் பெயர் என்று நம்மிடம் எதுவும் இல்லை. உன் பெயருக்கு முன்னால் இருப்பது உன்னைப் பெற்ற ஒரு மனிதருடைய சொந்தப் பெயர், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்ததால் அதைக் கொண்டுபோய் அங்கே போட்டோம். அவர்கள் கணக்கில் நீ விடுவது ஒரு குடும்பப் பெயர். நம் கணக்கில் நீ விடுவது அப்பாவை.

பார், எப்படி எழுதிவிட்டேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன், வேண்டாம், இருக்கட்டும்.

நீ போன புதிதில் உன் வீட்டு வாசல் மணியைப் படம் எடுத்து அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? மணிக்குப் பக்கத்தில் சின்ன வெள்ளைத் தாளில் அப்பா பெயர் மட்டும் அச்சடித்து ஒட்டியிருந்தது. அங்கே கட்டிடத்துக்குள் ஃபிளாட் எண் பார்த்துத் தபால் போடுவதில்லை, பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள் என்று சொன்னாய். ஆபீஸில் உன்னை ஃப்ராவ் என்று, அதுதான் அங்கே பெண்களுக்கு மரியாதைச் சொல்லாம், அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாய். அப்பா சிரிக்கவில்லை, கவனித்தாயா? அந்தப் படத்தைத் தம்பியிடம் கொடுத்து பிரிண்ட் போட்டு வாங்கி பர்ஸில் வைத்திருக்கிறார். லைன்மேனாகச் சேர்ந்து கம்பம் கம்பமாக ஏறியவர், பாஸ்போர்ட்டே எடுக்காதவர், அவர் பெயர் ஸ்டுட்கார்ட்டில் ஒரு வாசலில் இருக்கிறது என்பதில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று அவர் வாயால் உனக்கு ஒருநாளும் சொல்ல மாட்டார்.

போன வாரம் பத்திரிகை புரூஃப் வந்தது. அச்சகத்துத் தம்பி மாப்பிள்ளைக்கு இனிஷியல் என்ன போடுவது என்று கேட்டார், அவர்களுக்கு இனிஷியல் கிடையாது என்றேன். அப்பா ஒன்றும் பேசாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். உன் பெயருக்கு முன்னால் 'சு' போட்டுப் புள்ளியை விட்டுவிட்டார்கள். பேனாவை எடுத்து அந்தப் புள்ளியை வைத்தார். ரொம்ப நேரம் அழுத்தி வைத்தார், தாளில் பின்பக்கம் தெரிந்தது. அப்புறம் என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

எம்.எஸ். சுப்புலட்சுமி கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் வாழ்ந்தார், எவ்வளவு பதிவிரதையாக வாழ்ந்தார், எம். என்பது மதுரை, எஸ். என்பது அவருடைய அம்மா சண்முகவடிவு. கடைசிவரை அதே இரண்டெழுத்துதான். விண்வெளிக்குப் போனாரே கல்பனா சாவ்லா, அவரும் வெளிநாட்டுக்காரரை மணந்தவர்தான், சாவ்லாவாகவே இருந்தார். வேறு பெயரோடு இருந்ததால் இவர்கள் குடும்பத்தில் என்ன குறைந்துவிட்டது? என்னை யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். நீதான் கேட்கவே மாட்டேன் என்கிறாயே.

காகிதத்தையும் யோசி. இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப் பெயரில் மறுபடி எடுக்க வேண்டும், அதற்கு முனிச்சில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகம் வழியாக அலைய வேண்டும், அப்புறம் அங்கே தங்கும் அனுமதி அட்டை, பேங்க், இன்சூரன்ஸ், இங்கே ஆதார், பான், பி.எஃப். கணக்கு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து அண்ணா பல்கலைக்கழகப் பட்டம் வரை பழைய பெயர்தான் இருக்கும், அதை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். மாற்றினால் மாற்ற முடிகிற எல்லாவற்றையும் மாற்று, இல்லையென்றால் எதையும் மாற்றாதே. ஒன்றில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதே. முதலில் எழுதியதையே மறுபடி சொல்கிறேன், அவசரப்படாதே.

இவ்வளவு நேரம் அப்பா அப்பா என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை, கண்ணு. ராத்திரி தூக்கம் வராமல் கிடப்பது நான்தான்.

என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் நான் வே. இருபத்துச் சொச்சம் வயதுவரை வே. என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். கல்யாணம் ஆனதும் ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தபோது சு. என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை, ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். அப்புறம் வாக்காளர் அட்டை, ஆதார், எல்லாம் ரேஷன் கார்டைப் பார்த்துத்தானே. பள்ளிக்கூடத்துப் பணிப் பதிவேட்டில் மட்டும் வே. இருந்தது. உங்கப்பா மேல் எனக்கு அதில் வருத்தம் இல்லை, அவர் மாற்று என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

என் அப்பா, உன் தாத்தா, போனபிறகு நிலத்துக்காக வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போனோமே, நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், உனக்கு இது தெரியாது. தாலுகா அலுவலகத்தில் ஒருவர் என் ஆதாரையும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதில் இருப்பவர் வே., இதில் இருப்பவர் சு., நீங்கள் யார்மா என்றார். மாமாக்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களுக்கு எந்தக் கேள்வியும் இல்லை, எல்லோரும் வே. நான் நோட்டரியிடம் போய் முத்திரைத்தாளில், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான், இன்னாரின் மகள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தேன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்து, மணலில் 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு நான் மகள் என்று எழுதிக் கொடுத்தேன். எந்த இனிஷியலில் கையெழுத்துப் போடுவது என்று அந்த நோட்டரியிடமே கேட்டேன். இரண்டையும் போடுங்கள் என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமைத்தேன், எல்லோரும் சாப்பிட்டார்கள், நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அதனால் நீ அப்பா பெயரை வைத்திரு என்று நான் சொல்வது அப்பாவுக்காக மட்டும் இல்லை. உன்னைக் கேட்கிறார்கள் பார், ஒரு கட்டம் போட்டு, உனக்கு என்ன பெயர் வேண்டும் என்று. எனக்கு அப்படி ஒரு கட்டம் கிடைத்திருந்தால் நான் அதை வெறுமனே விட்டிருக்க மாட்டேன். என் ஆசை என்னவென்று உனக்குத் தெரிந்துவிட்டது. நீ வேறு மாதிரி எழுதினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன், அழுவேன், அப்புறம் சரியாகிவிடுவேன். இரட்டைப் பெயர்தான் என்றால் அதையும் ஏற்றுக்கொள்வேன், அப்பா பெயர் முன்னால் வரட்டும்.

ஆனால் என்ன முடிவெடுத்தாலும் அப்பாவிடம் நீயே சொல். தம்பி மூலமாக வேண்டாம், என் மூலமாகவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, என் போனுக்கு இல்லை, அவர் போனுக்கு. எடுத்ததும் "சாப்பிட்டியா" என்பார், நீ பெயர் விஷயத்தை ஆரம்பித்ததும் "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு போனை என்னிடம் நீட்டுவார். நான் வாங்க மாட்டேன், நீயும் விடாதே. "இருங்கப்பா, நான் உங்ககிட்டதான் பேசணும்" என்று சொல். கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அவர் பேசும்வரை நீ காத்திரு, மீட்டிங் இருக்கு என்று வைத்துவிடாதே.

ரவிக்கை அளவை மறுபடி அனுப்பு, பழைய அளவில் தைக்க முடியாது, நீ இளைத்துப் போயிருக்கிறாய். பாலும் முட்டையும் தவறாமல் சாப்பிடு. அப்புறம் மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் அவரவர் பெயரை அவரவர் வாயாலேயே சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல். அதைக் கேட்டுவிட்டுத்தான் தமிழில் எழுத வேண்டும், பத்திரிகையில் அவர்கள் பெயர் ஓர் எழுத்துகூடத் தப்பாக வரக் கூடாது என்று அப்பா அச்சகத்துக்காரரை நிறுத்தி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா