முல்லைத்தீவுக் கடலில் கிடக்கும் ‘இண்டஸ்’: தொல்லியல் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைத் தொல்லியல் திணைக்கள அதிகாரிகளுக்கு வணக்கம்.

முல்லைத்தீவுக்கு வெளியே கடலில் பாரில் (நீருக்கடியில் கிடக்கும் திட்டில்) ஏறி 1885 நவம்பரில் தாண்டுபோன ‘இண்டஸ்’ கப்பலைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டனில் டெனி கம்பனி 1871இல் கட்டிய இரும்பு நீராவிக் கப்பல் அது. பி அண்ட் ஓ கம்பனியின் சொத்து, கல்கத்தாவிலிருந்து லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கப்பல் பெரிதுதான், ஆனால் அதற்குள் இருந்த சாமான்தான் எனக்கு முக்கியம். இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைமை இயக்குநர் அலெக்சாண்டர் கன்னிங்காம் (அவர் அந்தப் பதவிக்கு வந்ததும் அதே 1871இல்தான்) வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொல்பொருள்களில் பெரும்பகுதி இதில்தான் போனது. பொன், வெள்ளி நாணயங்களில் பெரும்பாலானவை எப்படியோ தப்பிப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன. அதே கன்னிங்காம் தோண்டியெடுத்த பர்ஹுத் பௌத்தத் தூபியின் சிற்பக் கல்வேலி கடல் தாண்டாமல் கல்கத்தா அருங்காட்சியகத்தோடு நின்றது, இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். கப்பலில் ஏற்றியது எங்கள் கடலடியில்.

போர் முடிந்த பிறகுதான் சுழியோடிகள் இறங்கி இது இண்டஸ் என்று அடையாளம் கண்டார்கள். சரி, அப்புறம்? இந்தக் கரையில் வலை இழுக்கிற எத்தனை பேருக்கு இந்தக் கதை தமிழில் போய்ச் சேர்ந்தது? 2006இல் இதே கரையில் ஒதுங்கிய ‘ஃபாரா 3’ சரக்குக் கப்பலைப் பார்க்கப் போருக்குப் பிறகு எவ்வளவு கூட்டம் வந்தது என்பது உங்களுக்கே தெரியும். துருப்பிடித்த வெறும் இரும்புக்கே அவ்வளவு ஆசை என்றால், இதற்கு?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த இடத்தில் பழைய இரும்புக்காக யாரும் கைவைக்காமல் பாருங்கள். பார் எங்கே, நீரோட்டம் எப்போது மாறும், வலை எங்கே சிக்கும் என்று உங்கள் வரைபடத்தைவிட நன்றாகத் தெரிந்த சம்மாட்டிமாரை, அதாவது வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்துகிறவர்களை, கூப்பிட்டு இருத்திக் கதையுங்கள். நாளைக்கு ஒரு சிற்பத் துண்டு மேலே வந்தால் உடனே காலிக்கோ கொழும்புக்கோ லொறி ஏற்றாதீர்கள். இருந்த இடத்தைவிட்டு ஏற்றிக்கொண்டு போனதால்தான் அது இங்கே கிடக்கிறது. முல்லைத்தீவு நகரில் ஒரு சின்ன அறை போதும், தமிழிலும் எழுதிய ஒரு பலகையோடு.

இப்படிக்கு,
முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒருவன்