ப்ராஜெக்ட்டில் நூலகருக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கம் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றால் தக்காளி இலை நோய் கட்டாயம் ஞாபகத்துக்கு வரும். பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். பலர் வீட்டில் அரை ஏக்கராவது தக்காளி இருக்கும். இலையைப் போனில் படம் எடுத்தால் நோயைச் சொல்லும் செயலி. நல்ல எண்ணம்தான்.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் "எந்த அளவுக்குச் சரியாகச் சொல்லும்?" என்று கேட்டால், "99 சதவீதம் மேடம், பேஸ் பேப்பரிலேயே இருக்கிறது" என்பார்கள். ப்ராஜெக்ட்டுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் ஆய்வுக் கட்டுரையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிளான்ட்வில்லேஜ் என்ற படத்தொகுப்பின் 54,306 இலைப் படங்களை வைத்து 2016இல் வந்த கட்டுரை அது. சுருக்கத்தில் 99.35 என்று இருப்பது உண்மை. ஆனால் வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது துல்லியம் 31 சதவீதத்தைச் சற்றே தாண்டியது என்று, அதே கட்டுரையின் பின்பகுதியில் அதை எழுதியவர்களே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். இலையைத் தனியாகப் பறித்து, ஒரே நிறப் பின்னணியில் வைத்து எடுத்த படங்களில் பழகிய நிரல் அது. வெயிலும் மண்ணும் பக்கத்து இலையும் சேர்ந்து விழுந்தால் தடுமாறத்தானே செய்யும்? கட்டுரை இலவசமாகவே கிடைக்கிறது. கடைசிவரை படித்தவர்தான் இல்லை. அந்தச் செயலியை நம்பி மருந்தடிக்கப் போவது அந்தப் பிள்ளையின் அப்பாவாகவே இருக்கலாம்.

இப்போது சாட்ஜிபிடி வேறு. "பத்து ரெபரென்ஸ் கொடு" என்று கேட்டு அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். பெயர், வருஷம், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். தேடினால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. 2023இல் நியூயார்க்கில் இதேபோல் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், நாம் சொல்லிக்கொடுக்காமல் விட்ட பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்?

முதலாமாண்டில் நூலகத்தைச் சுற்றிக்காட்டி, கார்டு கொடுத்து அனுப்புகிறோம். தேவை வருமுன் சொன்னது மனதில் தங்காது. ப்ராஜெக்ட் தலைப்பு முடிவான வாரத்தில், அந்தத் தலைப்பையே வைத்து, நூலகரும் துறை ஆசிரியரும் சேர்ந்து லேபில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். தேடுசொல்லை மாற்றிப் போடுவது, ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் டிஓஐ எண்ணைப் போட்டுக் கட்டுரை நிஜமாகவே இருக்கிறதா என்று பார்ப்பது, அது பின்னால் திரும்பப் பெறப்பட்டதா என்று சரிபார்ப்பது. அப்புறம் நிரலுக்கும் இது வேண்டும். நிரல் எழுதுவோர் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கிடைக்கும் பழைய பதில், பைதான் நிரல் மொழியின் பழைய பதிப்பான பைதான் 2க்கு எழுதியதாக இருக்கலாம். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது.

வசதி இல்லை என்று சொல்ல முடியாது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 ஜனவரி முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். அதில் வராத கல்லூரிகளுக்கும் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் தொகுப்பான சோத்கங்கா, தேசிய மின்நூலகம் எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன.

பெரியார் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் ப்ராஜெக்ட் மதிப்பெண்ணில் பத்தை, ஆதாரங்களைத் தேடிச் சரிபார்ப்பதற்கென்று ஒதுக்க வேண்டும். ரெபரென்ஸ் பட்டியலில் ஏதாவது ஒன்றைத் தொட்டு, "இதை எங்கே எடுத்தாய், முழுதும் படித்தாயா?" என்று தேர்வாளர் கேட்கட்டும். நூலகர் பணியிடம் காலியாகக் கிடக்கும் கல்லூரிகளில் முதலில் அதை நிரப்புங்கள்.

கணினி அறிவியல் விரிவுரையாளர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்