பெர்சியன் குட்டிக்கு இனி முன்பதிவு இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதத்திலிருந்து நம் கடையில் பெர்சியன் பூனைக் குட்டிகளுக்கு முன்பதிவு எடுப்பதில்லை. தீவனம், மணல், கூண்டு, சீப்பு எல்லாம் வழக்கம்போலக் கிடைக்கும். குட்டி மட்டும் கிடையாது. "ஏன், சரக்கு வரவில்லையா? லைசென்ஸில் ஏதும் சிக்கலா?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. கல்லாவில் நின்றபடி சொல்லி முடிக்கிற காரணமாக இல்லாததால் எழுதிவிடுகிறோம்.

பெர்சியன் அழகு, அதில் சண்டை இல்லை. குணமும் சாது. ஆனால் நம் திருச்சி வெயிலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர். பூனைக்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில்தான் வியர்க்கும். முடியை நக்கி நக்கி எச்சிலின் ஈரத்தில்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. இரண்டு அடுக்கு முடியுள்ள பெர்சியனுக்கு அந்த ஈரம் தோல்வரை போவதே கஷ்டம். பகலில் கரண்ட் போய், ஏசி நின்று, வீட்டில் ஆளும் இல்லாமல் இருந்தால் அதன் பாடு திண்டாட்டம்தான்.

அடுத்து முகம். சந்தையில் 'டால் ஃபேஸ்', 'செமி பன்ச்', 'பன்ச் ஃபேஸ்' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மூக்கு எவ்வளவு உள்ளே போகிறதோ விலை அவ்வளவு ஏறும். கூடுதல் பணம் கொடுத்து நாம் வாங்குவது என்ன? குறுகிய நாசித் துவாரம், இடமில்லாமல் நெருக்கியடித்த பற்கள், கண்ணீர் இறங்க வழியில்லாமல் கன்னத்தில் வழிகிற கண். "கண்ணுக்குக் கீழே பழுப்புக் கறை போக என்ன இருக்கிறது?" என்று கேட்டு வாரம் தவறாமல் யாராவது வருகிறார்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் தினமும் துடையுங்கள், அது போதும். முகத்தின் அமைப்பால் வருகிற கறையை எந்தப் பாட்டிலும் நிரந்தரமாகப் போக்காது. அந்தப் பாட்டிலை விற்கிற நாங்களே சொல்கிறோம்.

இவற்றைக்கூட அக்கறையுள்ள வீடுகள் சமாளித்துவிடும். எங்களை நிறுத்த வைத்தது சிறுநீரக நோய். பெர்சியன் வம்சத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை வியாதி ஒன்று உண்டு. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடம் அந்த மரபணு இருந்தாலே, பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு வர வாய்ப்பு. குட்டிப் பருவத்தில் ஒன்றும் தெரியாது. ஏழெட்டு வயதில், வீட்டில் எல்லாரோடும் ஒட்டிய பிறகு, சாப்பாடு குறைந்து, தண்ணீர் கூடி, எடை இறங்கும். எந்த மரபணு என்பதை 2004-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்பினால் சோதனை முடிவு வந்துவிடும். அதற்கு முன் வெளிநாடுகளில் ஸ்கேன் செய்து பார்த்தபோது, பெர்சியன்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் கட்டிகள் இருந்தன. தாய் தகப்பனுக்கு எடுத்த அந்தச் சோதனைச் சீட்டை, எங்களுக்குக் குட்டி கொடுத்தவர்களிடம் கேட்டோம். தடுப்பூசி அட்டையை நீட்டினார்கள். சீட்டு இல்லாத குட்டியை எங்கள் கை வழியாக உங்களுக்குத் தர மனமில்லை, அவ்வளவுதான்.

"அப்போ ஸ்காட்டிஷ் ஃபோல்ட் வரவழைத்துத் தாருங்களேன்" என்கிறவர்களுக்கும் இதே பதில், இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. 1961-இல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் கண்டெடுத்த சூசி என்ற காது மடிந்த பூனையின் வம்சம் அது. காதை மடக்குகிற அதே குறைதான் உடம்பின் குருத்தெலும்பு முழுக்க வேலை செய்கிறது. கால், வால் மூட்டுகள் இறுகி வலிக்கும். பிரிட்டனின் பூனைச் சங்கம் 1970-களிலேயே அந்த இனத்தைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. மெய்ன் கூன் இனப் பூனை வாங்க நினைத்தால் இதயச் சுவர் தடிக்கும் நோய்க்கான சோதனையைக் கேளுங்கள். பெங்கால் என்ற இனமோ காட்டுப் பூனைக் கலப்பில் வந்தது. இரண்டு அறை ஃபிளாட்டில் அடைத்தால் திரைச்சீலைக்கு நாங்கள் பொறுப்பில்லை.

சரி, எதைத்தான் வளர்ப்பது? பெரும்பாலான வீடுகளுக்கு எங்கள் பதில் நாட்டுப் பூனை. குட்டை முடி, ஒல்லி உடம்பு, சரியான நீளத்தில் மூக்கு. நெருங்கிய உறவுக்குள் இனச்சேர்க்கை செய்யாததால் பரம்பரை வியாதி குறைவு. இந்த வெயிலுக்குப் பழகியது. விலையும் கிடையாது, தெருவில் குட்டி போட்ட தாய்ப் பூனையைத் தெரிந்த யாரையாவது கேளுங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018 விதிகளும் அதற்குள் குட்டியை விற்கக்கூடாது என்றுதான் சொல்கின்றன. ஆனால் அந்த எட்டு வாரத்துக்குள் மனிதக் கை படவேண்டும். இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை ஆள் பழக்கமே இல்லாமல் வளர்ந்த குட்டியை மடியில் உட்கார வைப்பது பெரும்பாடு. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் குட்டியே வேண்டாம், இரண்டு மூன்று வயதுப் பூனை நல்லது. காலில் விழுந்து புரளாது.

நிறம் பற்றியும் கேட்கிறீர்கள். செம்மஞ்சள் பூனைகளில் ஐந்தில் நான்கு கடுவனாகத்தான் இருக்கும். கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் மூன்றும் சேர்ந்தது அநேகமாக எப்போதும் பெட்டை. "மூன்று நிறத்தில் கடுவன் வேண்டும்" என்று தேடி அலையாதீர்கள். இரண்டு கண்ணும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனைக்குப் பெரும்பாலும் காது கேட்காது, வெளியே விடவேண்டாம். வீட்டில் யாருக்காவது அலர்ஜி இருந்தால், முடி இல்லாத பூனையை வாங்கினாலும் பயனில்லை. அலர்ஜி தருகிற புரதம் எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது.

எந்தப் பூனையாக இருந்தாலும் அது இறைச்சி தின்னப் பிறந்தது. சைவ வீட்டில் வளர்க்கலாம், ஆனால் பூனையைச் சைவமாக்க முடியாது. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். தயிர்சாதமும் பால்சாதமும் வயிற்றை நிரப்பும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. பால் பல வளர்ந்த பூனைகளுக்கு ஜீரணமாகாமல் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். நாய்த் தீவனம் விலை குறைவு என்று பூனைக்கு வாங்காதீர்கள். மிஞ்சிய மீன் குழம்பும் வேண்டாம்; அதில் உள்ள வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

இப்போது தண்ணீர் விஷயம். கடுவன் வளர்க்கிறவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பூனையின் முன்னோர் பாலைநிலத்துக் காட்டுப் பூனைகள். இரையிலுள்ள ஈரத்திலேயே காலம் தள்ளியதால் அதற்குத் தாகம் சரியாகத் தெரியாது. எலியின் உடம்பில் 70 சதவீதம் தண்ணீர். பாக்கெட்டில் வரும் உலர் தீவனத்தில் சுமார் 10 சதவீதம்தான். சிறுநீர் கெட்டியாகி, மணல் போன்ற படிகங்கள் சேர்ந்து, கடுவனின் குறுகிய சிறுநீர்க் குழாயை அடைத்துவிடும். மணல் தட்டுக்குப் போய்ப் போய் வரும், முக்கும், கத்தும், பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்கப் பார்க்கிறார்கள். கொடுக்காதீர்கள். சிறுநீர் முழுதாக அடைபட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். நள்ளிரவாக இருந்தாலும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய நிலை அது. இதைத் தவிர்க்க, ஒரு வேளையாவது ஈரத் தீவனமோ வேகவைத்த கோழியை அதன் தண்ணீரோடோ வையுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டிலிருந்தும் மணல் தட்டிலிருந்தும் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

சிறுநீர்க் கல்லுக்கென்று வரும் சிறப்புத் தீவனம் எங்களிடம் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டோம். எல்லாக் கல்லும் ஒரே வகை இல்லை.

மருந்து அலமாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. அதை முறிக்கும் வேலையைப் பூனையின் கல்லீரல் சரியாகச் செய்யாது. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பெரிய பூனையைக் கொன்றுவிடும். தெரியாமல் கொடுத்துவிட்டால் ஈறு நிறம் மாறும்வரை காத்திருக்காதீர்கள், மாற்று மருந்து உண்டு, உடனே கிளம்புங்கள். நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது வலிப்பு வரவழைக்கும் விஷம். வீட்டில் இரண்டும் இருந்தால், எது யாருக்கு என்று எங்களிடம் கேட்டு வாங்குங்கள். தரை துடைக்க, தண்ணீரில் விட்டால் வெள்ளையாகிற கறுப்பு பினாயில் வேண்டாம். பூனை அந்தத் தரையில் நடந்து பாதத்தை நக்கும். பீரோவில் போடும் பாச்சை உருண்டையும் ஆகாது. பூங்கொத்தில் வரும் லில்லி இருக்கிறதே, அதன் மகரந்தம் உடம்பில் பட்டு நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். தோட்டத்துச் செங்காந்தள் வேறு குடும்பம், ஆனால் அதன் கிழங்கும் கொடிய விஷம்.

தடுப்பூசி எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை. ரேபிஸ் பன்னிரண்டு வாரத்தில், பிறகு டாக்டர் சொல்கிறபடி. வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். பூனைகளுக்கு வரும் பார்வோ வைரஸ் நம் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். அதில் ஒரு குட்டி இறந்த வீட்டில் வைரஸ் ஒரு வருடம்வரை கிடக்கும், பினாயிலுக்குச் சாகாது. பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். ஊசி போட்டு முடிக்காத குட்டியை அங்கே கொண்டுவராதீர்கள். கருத்தடையை ஐந்து மாதத்துக்குள் முடிப்பது நல்லது. "அது இன்னும் குட்டிதானே" என்று இருக்கும்போதே சினையாகிவிடும், இரண்டு மாதத்தில் வீடு நிறைந்துவிடும்.

வீட்டில் மகளோ மருமகளோ கர்ப்பமானதும் பூனையைக் கொண்டுபோய் விடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கர்ப்பிணிக்கு ஆகாது என்று பயப்படுகிற டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வெளியே வந்து ஒரு நாளாவது ஆனபிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் வேறு யாராவது தட்டைச் சுத்தம் செய்தால் போதும். சரியாக வேகாத கறியிலிருந்து வருகிற ஆபத்து இதைவிடப் பெரிது.

பெர்சியனுக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள் ரசீதோடு வந்தால் முழுத் தொகையும் திருப்பித் தருகிறோம். ஏற்கெனவே எங்களிடம் வாங்கிய பெர்சியன் வீட்டில் இருந்தால், பத்து மாதம் தாண்டியதும் ஒருமுறை சிறுநீரக ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஒரத்தநாடு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். பயணத்துக்குக் கூண்டு இல்லாதவர்களுக்குக் கடையிலிருந்து இரவல் தருகிறோம், வாடகை வேண்டாம். முதல் நாளே சொல்லிவிடுங்கள், கழுவிக் காயவைக்க நேரம் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்கள்