அடுப்படியில் இருப்பதைக் கொண்டே கிறிஸ்துமஸ் பிஸ்கட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் கிறிஸ்துமஸ் பலகாரக் குறிப்புகள் வரத் தொடங்கும். ஏற்காட்டில் வசிக்கும் நான் அவற்றை ஆண்டுதோறும் கத்தரித்து வைப்பவள் என்பதால், அவற்றைப் பற்றி ஒரு குறையைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நம்புகிறேன். உப்பில்லாத வெண்ணெய், சாக்லேட் சிப்ஸ், வெனிலா எசன்ஸ், ஓவன் ஆகியவை இல்லாமல் அக்குறிப்புகளில் ஒரு பிஸ்கட்டும் உருவாவதில்லை. மலைமேல் இருக்கும் எங்களுக்கு இவற்றுள் ஒன்று தீர்ந்துபோனாலும், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கி ஏறுவதற்குள் அரை நாள் கழிந்துவிடும்.

சென்ற ஆண்டு பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, பேரப்பிள்ளைகள் வந்து இறங்கிய பிறகுதான் வீட்டில் மைதாவும் இல்லை, வெண்ணெயும் இல்லை என்பதைக் கவனித்தேன். இருந்தவை கேழ்வரகு மாவு, கோதுமை மாவு, நெய், நாட்டுச் சர்க்கரை, காப்பித்தூள், கொஞ்சம் ஏலக்காய். முதல் தட்டைக் கேழ்வரகு மாவை மட்டும் கொண்டு செய்தேன். கையில் எடுத்தவுடன் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. கோதுமையில் மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் கேழ்வரகில் கிடையாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. (உதிர்ந்ததைப் பிள்ளைகள் பாலில் போட்டுக் கரண்டியால் தின்று தீர்த்தார்கள்.)

அடுத்த முறை ஒரு டம்ளர் கேழ்வரகு மாவுக்கு ஒரு டம்ளர் கோதுமை மாவும், மொறுமொறுப்புக்காக இரண்டு கரண்டி குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவும் சேர்த்தேன். சேலம் மாவட்டத்து வீட்டில் அதற்கா பஞ்சம்! வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர் உண்டு, நெய்யில் அது இல்லை என்பதால், நெய்யைக் குறைத்து அரை டம்ளராக எடுத்துக்கொண்டு, மாவு பிசையும்போது இரண்டு கரண்டி பால் தெளித்தேன். நெய்யை உருக்கிவிடக் கூடாது. உருக்கினால் பிஸ்கட் தட்டில் பரவி அப்பளமாகிவிடும். மலைக்குளிரில் மணல்மணலாக உறைந்திருந்த நெய்யை அப்படியே முக்கால் டம்ளர் நாட்டுச் சர்க்கரையுடன் நிறம் வெளுக்கும்வரை தேய்த்ததுதான் நல்ல பதத்தைக் கொடுத்தது. பேக்கிங் பவுடருக்குப் பதிலாகச் சமையல் சோடா போடுவதானால் அதைப் பொங்க வைக்கப் புளிப்பு வேண்டும். அதற்கு ஒரு கரண்டி தயிர் போதும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவு அதிகம் உப்பிப் பிறகு அமுங்கக்கூடும். ஆகவே சோடா இரண்டு சிட்டிகையைத் தாண்டவில்லை.

ஓவனுக்குப் பதிலாக, அடிகனமான வாணலியில் விரல் கனத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி பத்து நிமிடம் சூடேற்றிய பின் தட்டை இறக்கிச் சிறு தீயில் வேகவைத்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் ஓரம் சிவந்தது. ஆனால் தொட்டால் மெத்தென்றிருந்ததால், வேகவில்லை என்று எண்ணி இன்னும் ஐந்து நிமிடம் விட்டு ஒரு தட்டைக் கருக்கினேன். ஆறிய பிறகுதான் அது இறுகும் என்று எந்தக் குறிப்பும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

நம் வீடுகளில் கலகலா என்னும் கிறிஸ்துமஸ் பலகாரம் செய்தவர்கள் அச்சு இல்லையே என்று காத்திருக்கவில்லை. புதுச் சீப்பின் பல்லில் மாவை அழுத்திச் சுருட்டிக்கொண்டார்கள். எனவே தங்கள் குறிப்புகளில் ஒவ்வொரு பொருளும் எந்த வேலைக்காகச் சேர்க்கப்படுகிறது, அது இல்லாவிட்டால் எதைப் போடலாம் என்பதை ஒரு வரியிலாவது குறிப்பிடுமாறும், கிராம் கணக்குடன் டம்ளர் கணக்கையும் அடுப்பில் செய்யும் முறையையும் சேர்த்து வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இந்த டிசம்பரில் ஒரே ஒரு குறிப்பு அவ்வாறு வந்தாலும், அதைச் செய்து பார்த்து, உதிர்ந்ததா நின்றதா என்று தங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.